வினாவும் பொருள்கள்

1. தோற்றுவாய்

தத்துவ நூலோர் தம் கருத்தை விளக்குதற்குக் கையாளும் எடுத்துக்காட்டுக்களை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அரிய பொருளை விளக்க வந்த அவர், எளிய பொருள்களையே பெரிதும் துணைக்கொண்டனர். காரணம் மூவகைப்படும் என்பதை நிறுவ வந்த நம் நாட்டுச் சித்தாந்திகள் குடத்தையும், அதற்கு முதற்காரணமாகிய மண்ணையும், துணைக்காரணமாகிய திரிகையையும், நிமித்தகாரணமாகிய குயவனையும் காட்டினர். மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு பொருள் அதே பொருளாக நிற்பது எங்ஙனம் என வினாவிய கிரேக்கர், பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பெற்ற தீசியுஸின் கப்பலைக் காட்டினர். ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் ஹைடெக்கர் 1927ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில், மனிதனுக்கும் உலகுக்கும் உள்ள தொடர்பை ஒரு சுத்தியலைக்கொண்டு விளக்கினார்.

ஆயின், இக்குடமும் கப்பலும் சுத்தியலும் சொல்லளவில் நின்றனவே. அவற்றை யாரும் ஒரு வினாவிற்கென்றே செய்து, ஒரு வீட்டில் வைத்து, என்ன நிகழ்கின்றதெனப் பார்த்திருந்தாரல்லர். மனிதனுக்கும் கணிப்பொறிக்கும் உள்ள உறவை ஆராயும் துறையில், சென்ற நூற்றாண்டின் இறுதிதொட்டு அறிஞர் சிலர் அம்முறையை மேற்கொண்டுள்ளனர். அவர்கள் ஒரு தத்துவ வினாவை எடுத்துக்கொண்டு, அவ்வினாவின் உருவமாகவே ஒரு பொருளைச் சமைக்கின்றனர். அதனை மக்களோடு பல நாள் வாழவிடுகின்றனர். அதன்பின் அம்மக்கள் கூறுவனவற்றைக் கேட்கின்றனர். இத்தகைய பொருள்களை வினாப்பொருள்கள் என வழங்குவோம். அவற்றின் இயல்பையும், அவை எழுப்பும் வினாக்களையும், அவற்றிற்குக் கூறப்படும் தடைகளையும் முறையே ஆராய்வாம்.

2. கருவியினுள் மறைந்த கருத்து

கருவி என்பது கருத்தற்றது. பயன்படுத்துவோன் எண்ணமே அதற்கு உயிர் என்பது பலர் கொள்கை. இது முழுதும் உண்மையன்று. ஒரு கருவியைச் செய்தவன், மனிதன் இத்தன்மையன், இவனுக்கு இன்னது வேண்டும் என்னும் கொள்கையொன்றை, தான் அறிந்தோ அறியாமலோ, அதனுள் வைத்தே செய்கின்றான். நாள் முழுதும் மணியடித்து நம்மை அழைக்கும் கைப்பேசி, 'மனிதன் எப்பொழுதும் அழைக்கப்படத் தக்கவன்' என்னும் கொள்கையைக் கூறுகின்றது. நொடியில் விடை தரும் பொறி, 'காத்திருத்தல் வீண்' என்னும் கொள்கையைக் கூறுகின்றது. இவை நூல்வடிவில் எழுதப்பட்டிருந்தால் நாம் அவற்றோடு வாதிட்டிருப்போம். கருவிவடிவில் வருதலின், வாதின்றியே ஏற்றுக்கொள்கின்றோம்.

ஹைடெக்கரின் சுத்தியல் உணர்த்துவதும் இதனோடு இயைவதே. தச்சன் ஆணி அறையும்போது சுத்தியலைக் காண்பதில்லை. ஆணியையும் பலகையையும் செய்யும் வேலையையுமே காண்கின்றான். சுத்தியல் கையோடு ஒன்றி மறைந்துவிடுகின்றது. அதன் தலை கழன்று விழுமாயின், அப்பொழுதே அது சுத்தியலாக அவன் கண்முன் தோன்றுகின்றது. டெரி வினோகிராட், பெர்னாண்டோ ஃப்ளோரெஸ் என்னும் இருவர் 1986இல் வெளியிட்ட நூலொன்றில் இக்கருத்தைக் கணிப்பொறித் துறைக்குக் கொணர்ந்தனர். அறிவென்பது குறிகளை விதிப்படி மாற்றியமைத்தலே என்னும் கொள்கையை அவர்கள் மறுத்தனர். பழக்கத்தின் ஒழுக்கு தடைப்படும் இடமே பொருள்கள் வெளிப்படும் இடம் என வற்புறுத்தினர்.

இதிலிருந்து ஒரு முறை பிறக்கின்றது. பழக்கம் முறியும்பொழுது கருவியினுள் மறைந்த கருத்து வெளிப்படுமாயின், அம்முறிவை நாமே அளவறிந்து உண்டாக்கினால் என்ன? வினாப்பொருளின் அடிப்படை இதுவே என்க.

கருதாமலே வினாப்பொருளாய் முடிந்த ஒன்றும் உண்டு. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஜோசப் வைசென்பாம் 1966இல் 'எலைசா' என்னும் நிரலை வெளியிட்டார். அது மனநோய் மருத்துவர்போல, ஒருவர் கூறிய சொல்லையே திருப்பி வினாவாக்கிக் கேட்கும். பொருளுணர்ச்சி அதற்கு ஒரு சிறிதும் இல்லை. இதனை நன்கு அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு உரையாடத் தொடங்கியபின், தம்மைத் தனியே விடுமாறு அவரை வேண்டினர். வைசென்பாம் திடுக்கிட்டார். பொறியால் இயல்வன எவை என்பதினும், பொறியிடம் ஒப்புவிக்கத் தகாதன எவை என்பதே பெரிய வினா என்று 1976இல் ஒரு நூலே எழுதினார். ஒரு சிறு நிரல், அதைச் செய்தவரையே தத்துவ ஆராய்ச்சிக்கு ஈர்த்தது.

3. நால்வகை நிலை

வினாப்பொருள்களை விளங்கிக்கொள்ளுதற்கு அமெரிக்க அறிஞர் டான் ஐடி 1990இல் வெளியிட்ட நூலில் வகுத்த நால்வகைப் பாகுபாடு பெருந்துணையாகும். மனிதனோடு கருவி நிற்கும் நிலை நான்கு. முதலாவது ஒன்றி நிற்றல்: மூக்குக்கண்ணாடியை நாம் காண்பதில்லை, அதனூடே காண்கின்றோம். இரண்டாவது குறிகாட்டி நிற்றல்: வெப்பமானியில் நாம் வெப்பத்தை உணர்வதில்லை, படித்தறிகின்றோம். மூன்றாவது எதிர்நிற்றல்: பொறி மற்றோர் ஆள்போல நம்முன் நிற்கின்றது, எலைசாவின் நிலை இதுவே. நான்காவது பின்னிற்றல்: வீட்டின் ஒரு மூலையில் இயங்கிக்கொண்டிருக்கும் குளிர்ப்பெட்டிபோல, நம் கருத்திற்கு எட்டாமலே நம் வாழ்வைத் தாங்கிநிற்கின்றது.

இந்நிலைகளுள் ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் பார்த்தல் வினாப்பொருள் செய்வோரின் ஒரு வழி. சான்று இரண்டு காட்டுவாம்.

கணிப்பொறிகளை இணைக்கும் கம்பியில் ஓடும் செய்திகள் கண்ணிற்குப் புலனாகா. 1995இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தில் கலைஞர் நாட்டலி ஜெரெமிஜென்கோ, ஏறக்குறைய 8 அடி நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் கயிற்றைக் கூரையிலிருந்த சிறு மின்னியக்கியில் தொங்கவிட்டு, அவ்வியக்கியைச் செய்திக் கம்பியோடு பொருத்தினார். செய்தி மிக்கு ஓடும்போது கயிறு ஓசையுடன் சுழலும். குறைந்தபோது சிற்சில நொடிக்கு ஒருமுறை சிறிதே துடிக்கும். நடைவழி மூலையில் தொங்கிய அதனைப் பல அறைகளிலிருந்தோர் காணவும் கேட்கவும் முடிந்தது. மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும் இதனை அமைதியான தொழில்நுட்பத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறினர். அறிதல் என்பது உற்றுநோக்குதல் ஒன்றேயோ, கடைக்கண்ணாலும் செவியின் ஓரத்தாலும் அறிதலும் அறிதலேயோ என்பது அக்கயிறு எழுப்பும் வினா.

மற்றொன்று, லண்டன் ராயல் கலைக்கல்லூரியில் டரெல் பிஷப் 1992இல் வரைந்த தொலைபேசிப் பதிவுக் கருவி. வந்த செய்தி ஒவ்வொன்றும் ஒரு கோலிக்குண்டாக வெளியே உருண்டு நிற்கும். குண்டைக் குழியிலிட்டால் செய்தி ஒலிக்கும். தொலைபேசியின்மேல் வைத்தால் பேசியவருக்கே அழைப்புச் செல்லும். கருவிக்குள் திரும்ப இட்டால் செய்தி நீங்கும். சிறு குழந்தையும் இதனை விளக்கமின்றி இயக்கும். ஆயின், 'செய்தி' என்பது எங்கே இருக்கின்றது? ஒலியிலா, பொறியிலா, கையிலுள்ள குண்டிலா? ஒரு செய்தியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு செல்லலாம், மற்றொருவர் கையில் கொடுக்கலாம் என்னும்போது, உருவமற்றது என நாம் எண்ணியிருந்த ஒன்று உருவம் பெறுகின்றது.

4. சாயும் கிண்ணம்

தத்துவ ஆராய்ச்சியை வெளிப்படையாகவே நோக்கமாகக் கொண்டு செய்யப்பட்டவற்றுள் மிகத் தெளிந்தது, கனடா நாட்டு சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரான் வாக்கரியும் அவர் குழுவினரும் செய்த சாயும் கிண்ணமாகும். இது சுட்ட மண்ணாலாய ஒரு கிண்ணம். பழம் முதலியன இட்டு வைக்கலாம். நாளொன்றுக்குப் பலமுறை, எப்பொழுது என முன்னறிய இயலாதவாறு, மெல்ல ஒருபுறம் சாயும். அவ்வளவே. மணியடித்தல் இல்லை, விளக்கு இல்லை, ஆணையிடுதற்குப் பொத்தானும் இல்லை.

இதனை அவர்கள் தத்துவப் பயிற்சி பெற்ற அறுவரிடம் கொடுத்து, அவர்தம் வீட்டில் வைத்து வாழச்செய்து, அவர்கள் சிந்தித்தவற்றைக் கேட்டு 2018இல் வெளியிட்டனர். பயன்படுத்துவோரை ஆராயப்படும் பொருளாக மட்டும் கருதும் வழக்கத்தை விடுத்து, உடன் ஆராய்வோராக ஏற்றுக்கொண்டமை ஈண்டுக் குறிக்கத்தக்கது.

கிண்ணம் சாய்வதில் வினா என்னை எனின், கூறுவாம். கிண்ணம் என்பது பின்னிற்கும் பொருள். அதனிடம் நாம் வேண்டுவது அசையாதிருத்தல் ஒன்றே. அஃது அசைந்தவுடன், 'ஏன் அசைந்தது?' என்னும் வினா எழுகின்றது. 'ஏன்' என்னும் சொல்லோ நோக்கமுடையோர்க்கு உரியது. எனவே, ஒரு சிறு அசைவால் அது பின்னிற்றலினின்று எதிர்நிற்றலுக்கு மாறுகின்றது. ஆயின் அந்நிலையிலும் அது நிற்பதில்லை. சில கிழமை கழிந்தபின் சாய்தலும் வீட்டின் இயல்பாகி, மீண்டும் பின்னே செல்லக்கூடும். ஆகவே ஐடி வகுத்த நான்கு நிலையும் பொருளின் நிலையான குணங்களல்ல, காலத்தோடு மாறும் உறவுகளே என்பது, இக்கிண்ணத்தால் கைக்கெட்டிய உண்மையாகின்றது. பயனற்ற அசைவை வீட்டில் ஏற்றுக்கொண்டு வாழ்பவர், பயனொன்றே பொருளின் பொருண்மை எனக் கொண்ட தம் கொள்கையையும் மீள நோக்குதல் கூடும்.

இத்தகைய பொருளை வாக்கரி முதலியோர் இருக்கும் உலகிற்கு மாறானதொரு கூடிய உலகிலிருந்து வந்த பொருளாகக் கருதினர். கூடிய உலகங்களைப்பற்றி டேவிட் லூயிஸ் முதலிய தத்துவ ஆசிரியர் சொல்லாலும் தருக்கத்தாலும் ஆராய்ந்தனர். ஈண்டோ, கிண்ணங்கள் தாமே சாயும் உலகம் என்பதில் ஒரு துணுக்கு, நம் உணவு மேசைமீது வைக்கப்படுகின்றது.

5. காலம், விளையாட்டு, மன்றாட்டு

காலத்தைப்பற்றிய வினாவிற்கு இரு ஸ்வீடிய அறிஞர் வித்திட்டனர். லார்ஸ் ஹல்னாஸ், யோஹன் ரெட்ஸ்ட்ரோம் என்னும் அவ்விருவரும் 2001இல் 'மெதுவான தொழில்நுட்பம்' என்னும் கருத்தை வெளியிட்டனர். காலத்தை மிச்சப்படுத்துவதே கருவியின் கடமை என்பதற்கு மாறாக, சிந்தித்தற்குக் காலந்தருவதும் கருவியின் கடமையாகலாம் என்பது அவர் கொள்கை. வில்லியம் ஓடம் என்பாரும் அவர் குழுவினரும் அமைத்த படப்பேழை இக்கருத்தின் வழிவந்தது. இஃது ஒரு மரப்பேழை. உடையவர் இணையத்தில் சேமித்துவைத்த தம் நிழற்படங்களிலிருந்து திங்களுக்கு நான்கைந்து படங்களைத் தானே தேர்ந்து, தான் தேர்ந்த வேளையில் உள்ளே அச்சிட்டு வைக்கும். விரைவுபடுத்தவோ, இன்ன படம் வேண்டும் எனக் கேட்கவோ வழியில்லை. மூன்று வீடுகளில் 14 திங்கள் இதனை வைத்திருந்தனர். முதலில் ஆர்வமும், பின்னர் எரிச்சலும், இறுதியில் இணக்கமும் தோன்றின என்பது 2014இல் வெளிவந்த அவர்தம் ஆராய்ச்சி. எரிச்சல் என்பது ஈண்டு ஆராய்ச்சியின் தோல்வியன்று. அதுவே அதன் செல்வம். 'என்னுடைய படம் எனக்கு உடனே வேண்டும்' என்பதில் 'என்னுடைய' என்பதற்கும் 'உடனே' என்பதற்கும் என்ன தொடர்பு என ஒருவன் தன்னையே கேட்டுக்கொள்ளும் இடம் அது. சில நாளில் முடிந்த ஆராய்ச்சியாயின் ஆர்வத்தை மட்டுமே கண்டிருக்கும். ஓராண்டின்மேல் நீண்டமையாலேயே இணக்கம் புலனாயிற்று.

விளையாட்டைப்பற்றிய வினாவை எழுப்பியவர் வில்லியம் கேவர். மனிதனை 'விளையாடும் உயிர்' எனக் கண்ட டச்சு வரலாற்றறிஞர் யோஹன் ஹுய்சிங்காவின் கருத்தை (அவர் நூல் 1938இல் வெளிவந்தது) அடியாகக்கொண்டு, கேவரும் அவர் குழுவினரும் மிதக்கும் மேசை ஒன்றைச் செய்து 2004இல் அதனைப்பற்றி எழுதினர். அம்மேசையின் நடுவில் ஒரு சிறு வட்டப் பலகணி. அதனுள் நோக்கினால், வானத்திலிருந்து எடுக்கப்பெற்ற பிரிட்டிஷ் நிலக்காட்சி மெல்ல மெல்ல நகர்ந்து செல்லும். மேசைமேல் எப்பக்கம் பாரம் மிகுகின்றதோ அப்பக்கம் மேசை மிதந்து செல்வதுபோலத் தோன்றும். பாரம் கூடினால் நிலத்தை நோக்கி இறங்கும். எவ்வேலைக்கும் அது விடையன்று. மனிதன் வேலையை முடிப்பவன் மட்டுமோ, வாளா நோக்கி வியப்பவனுமோ என்னும் வினாவை அது வீட்டின் நடுவில் வைத்தது.

பின்னர் அவர்கள் இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் மடத்தினுள்ளேயே வாழும் ஏழை கிளாரா சபைக் கன்னியர்க்கு மன்றாட்டுத் துணை என்னும் கருவியைச் செய்தளித்தனர். உலகத்தாரின் துன்பத்திற்காக மன்றாடுதல் அக்கன்னியர்தம் பணி. உலகினின்று விலகி வாழ்தலோ அவர்தம் நோன்பு. கருவியின் மேற்பக்கத்தில் உலகச் செய்திகளின் தலைப்புக்களும், முன்பின் அறியாதார் தம் மனநிலையை இணையத்தில் எழுதிய வரிகளும் சிற்றெழுத்தில் ஊர்ந்து செல்லும். அருகில் நின்று நோக்குவார்க்கே அவை தெரியும்; கடந்து செல்வாரை அவை அழைப்பதில்லை. பொன்னிறமான அதனைக் கன்னியர் 'கோல்டி' என அன்புடன் அழைத்தனர். 2010இல் இவ்வாராய்ச்சி வெளிவந்தது. செய்தி அறிவது எதற்கு? பேசுதற்கோ, அஞ்சுதற்கோ, பிறர்பொருட்டு நெஞ்சுருகுதற்கோ? ஒரே செய்திதான், அதனை ஏற்கும் வாழ்க்கை வேறுபடுதலின், கருவியின் உருவமும் வேறுபட்டது. எல்லார்க்கும் ஒரே கருவி என்னும் எண்ணம் எல்லார்க்கும் ஒரே வாழ்க்கை என்னும் எண்ணத்தை உள்ளடக்கியது என்பதனை இது தெளிவாகக் காட்டும்.

6. நல்ல வினாப்பொருளின் இலக்கணம்

வியப்பூட்டும் பொருள்கள் யாவும் வினாப்பொருள்களாகா. ஓடமும் வாக்கரி முதலியோரும் 2016இல் இதற்கு நான்கு இயல்புகள் கூறினர். வினாவொன்றே அதனைப் பிறப்பித்திருத்தல் வேண்டும் என்பது முதலாவது. செய்ந்நேர்த்தி இரண்டாவது, குறைப்பட்ட பொருளைக் கண்டால் மக்கள் குறையைப்பற்றிப் பேசுவரேயன்றி வினாவைப்பற்றிப் பேசார். வீட்டோடு பொருந்துதல் மூன்றாவது. அருங்காட்சிப் பொருளாய் நிற்பது அன்றாட வாழ்வை வினாவாது. தனித்தியங்கல் நான்காவது, ஆராய்ச்சியாளர் அருகில் நின்று விளக்காமலே அது நெடுநாள் இயங்குதல் வேண்டும். இவற்றோடு நாம் ஒன்று கூட்டலாம்: மாற்றம் ஒன்றாகவே இருத்தல் நன்று. கிண்ணம் சாயலாம், சாய்ந்து, பாடி, ஒளிவிடுமாயின் எவ்வினாவும் தெளிவாக எழாது.

7. தடையும் விடையும்

ஈண்டுத் தடை மூன்று எழும். முதலாவது, 'பொருள் பேசாது. அதனைக் காட்டித் தாம் முன்னரே எண்ணியவற்றை ஆராய்ச்சியாளரே பேசுகின்றனர்' என்பது. பொருள் பேசாது என்பது உண்மை. ஆயின் அஃது எதிர்க்கும். சொல்லால் அமைந்த எடுத்துக்காட்டை நாம் விரும்பியவாறு வளைக்கலாம். உண்மையான மேசைக்கோ இடம் வேண்டும், பிள்ளைகள் அதன்மேல் ஏறுவர், விருந்தினர் கேட்பர். ஆசிரியன் கருதாத பக்கத்திலிருந்து விடை வருதல் இதனாலேயே.

இரண்டாவது, 'மூன்று வீட்டையும் அறுவரையும் கொண்டு உலகத்தாரைப்பற்றி என்ன கூறலாம்?' என்பது. எத்துணைப் பேர் இவ்வாறு உணர்வர் எனக் கூறவே முடியாது. அது வேறு முறைக்கு உரியது. ஆனால் 'எல்லாரும் எப்பொழுதும் விரைவையே வேண்டுவர்' என்னும் பொதுக்கூற்றை வீழ்த்த, மெதுவானதொன்றோடு இணங்கி வாழ்ந்த ஒரு வீடே போதும். எல்லை அறிந்து கூறும்வரை இம்முறைக்கு இழுக்கில்லை.

மூன்றாவது தடை வலியது: 'இவை செல்வ நாடுகளின் வீடுகளில் வைத்த விளையாட்டுப் பொருள்கள் அல்லவோ?' இதனை நாம் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளவே வேண்டும். மேலே கூறியவை பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பிறந்தவை. காபி மேசையும் தனியறையும் உள்ள இல்லங்களின் வினாக்களையே அவை பெரிதும் வினாவின. ஒரு கைப்பேசியைக் குடும்பத்தார் நால்வர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் 'என்னுடைய படம்' என்பதன் பொருள் வேறாகும். ஆயின் இத்தடை முறையை மறுப்பதன்று; முறை இன்னும் செல்லாத இடங்களைச் சுட்டுவதே ஆகும். அவ்விடங்களுக்கு உரிய வினாப்பொருளை அவ்விடத்தாரே செய்தல் வேண்டும்.

8. முடிவுரை

மாணவ நண்பர்களே! இக்கட்டுரையைப் படித்தோர் அனைவரும் கிண்ணம் செய்யப் புகவேண்டுவதில்லை. ஆயின் வினாப்பொருள் கற்பிக்கும் நோக்கை நாம் எல்லாக் கருவியிடத்தும் செலுத்தலாம். நும் கையில் உள்ள பொறியை எடுத்து நான்கு வினாக் கேண்மின்: இஃது என்னோடு ஒன்றி நிற்கின்றதோ, குறிகாட்டி நிற்கின்றதோ, எதிர்நிற்கின்றதோ, பின்னிற்கின்றதோ? இதனைச் செய்தவன் என்னை எத்தகையவனாக எண்ணிச் செய்தான்? அவ்வெண்ணத்திற்கு நான் உடன்பட்டேனோ, அன்றி வினாவாமலே அதுவாக மாறிவிட்டேனோ? இதனுள் ஒன்றை மட்டும் மாற்றுவதாயின் எதனை மாற்றுவேன், ஏன்?

உங்களுட் சிலர் நாளை இத்தகைய பொறிகளைச் செய்வோராவீர். பல நூறாயிரம் மக்கள் நும் பொறியோடு வாழ்வர். அதனுள் நீவிர் வைத்த கொள்கையோடும் வாழ்வர். அக்கொள்கை யாதென அறிந்து வைத்தல் நும் கடன். குடத்தைக் கண்டு குயவனை எண்ணிய மரபு நம்முடையது. அம்மரபினர் ஒரு பொறியைக் காணும்போது அதனைச் செய்தார் உள்ளத்தையும், அதனால் ஆக்கப்படும் தம் உள்ளத்தையும் எண்ணாதிருத்தல் தகாது என்க.